கடைசிப் பிரபுவின் கேடயம்

எங்கள் வீட்டு முன்னறையில் சுவீடன் தேசத்துப் பிரபு ஒருவர் குடியிருந்தார் என்று இப்போது சொன்னால், கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். வட்டுக்கோட்டையில் பிரபுவா, அதுவும் சுவீடனிலிருந்தா என்று. பார்க்கட்டும். அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் நான். அவருக்கு மட்டுமா? முந்நூறு வருஷமாகச் செத்துக்கொண்டிருந்த அவருடைய குடும்பம் முழுவதையும் எங்கள் விறாந்தையில் வைத்துச் சமாளித்தவளும் நான்தான்.

யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவர் வந்தார். என் கணவர் அப்போது வட்டுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்தார். இரண்டு கிழமைக்குத்தான், பதினைந்து நாள்தான் என்று சொல்லி இந்தத் துரையை வீட்டுக்குக் கூட்டி வந்தார். நெட்டையான, முதுகு சற்று வளைந்த, கண்ணிமை மயிர்கூட நரைத்த கிழவர். அவருடைய முன்னோர் ஒருவர் ஒல்லாந்தர் கும்பனிப் படையில் அதிகாரியாக யாழ்ப்பாணம் வந்து, காய்ச்சலில் செத்து, எங்கள் பக்கத்துப் பழைய கிறிஸ்தவ வேதக்கோயிலின் தரைக்குக் கீழே கிடக்கிறாராம். அந்தக் கல்லைப் பார்க்க வந்தவர். போய்ப் பார்த்தார். சனம் மிதித்து மிதித்து எழுத்தெல்லாம் தேய்ந்து, குடும்பச் சின்னத்தில் ஒரு கொக்கின் இரண்டு கால்கள் மட்டும் மிச்சமிருந்தன. அதற்குள் ஐரோப்பாவில் சண்டை மூண்டது. கப்பல் இல்லை. இரண்டு கிழமை என்றது அவர் சாகிற வரைக்கும் நீண்டது.

வீடு என் சீதன வீடு. அப்பா காலமான பிறகு அம்மாவும் எங்களோடுதான் இருந்தார். துரை பெட்டியை இறக்கின அன்றே அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"உந்த வெள்ளைக்காரன் என்னத்தைத் தின்னுவான்? எங்கடை குசினிக்குள்ளை மாடு கீடு வராது, இப்பவே சொல்லிப்போட்டன்."

துரை பிட்டுச் சாப்பிட்டார். மாம்பழத்தைப் பிட்டோடு பிசைந்து, ஒரு துகளும் சிந்தாமல், கதிரையில் நிமிர்ந்து இருந்து சாப்பிட்டார். அம்மா கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பரவாயில்லை, நல்ல தாய் பெத்த பிள்ளை" என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு முன்னறைப் பக்கம் எந்தக் கேள்வியும் எழவில்லை.

பெட்டியிலிருந்து அவர் முதலில் எடுத்தது உடுப்பு அல்ல, கேடயம். சுளகளவு மரக் கேடயம். நீல நிறத்தின் மேல் வெள்ளிக் கொக்கு ஒன்று, அலகிலே ஒரு சாவி. சுவரில் ஆணி அடிக்கச் சொல்லி அதைத் தூக்கிவிட்டு, கட்டிலை அதற்கு நேரே இழுத்துப் போட்டார். கொக்குக்கும் சாவிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷில் கதைப்பேன். அவருடைய இங்கிலீஷும் இரவல், என்னுடையதும் இரவல். ஆகையால் எங்களுக்குள் சரிவந்தது.

"எங்கள் முதலாமவருக்குப் பட்டம் கொடுத்த ராசாவிடம் ஒரு ஓவியன் இருந்தான்" என்றார். "குடிகாரன்."

அதைச் சுமந்துகொண்டு ஏன் கடல் கடந்து வந்தார் என்பதையும் அன்றைக்கே சொன்னார். அவர்கள் நாட்டில் ஒவ்வொரு பிரபு குடும்பத்துக்கும் ஒரு கேடயம் உண்டு. தகப்பனிலிருந்து மகனுக்கு, மகனிலிருந்து பேரனுக்கு என்று குடும்பம் ஓடிக்கொண்டிருக்கும். ஆண்வழியில் கடைசி ஆள் செத்தால், அவருடைய குழியடியில் வைத்து அந்தக் கேடயத்தை உடைத்துப் பெட்டியோடு புதைத்துவிடுவார்கள். அதோடு குடும்பம் முடிந்தது. துரைக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவர்தான் கடைசி. சாவு எங்கே வருமென்று தெரியாதே, அதனால் கேடயத்தையும் கையோடு கொண்டு திரிந்தார்.

எனக்கு எங்கள் கொள்ளிக்குடம் நினைவுக்கு வந்தது. எங்களில் மகன் இருந்தால் குடம் உடைப்பான். அவர்களில் மகன் இல்லாவிட்டால் கேடயம் உடைப்பார்கள். எங்கே போனாலும் ஏதோ ஒன்றை உடைக்காமல் மனிதரை அனுப்பமாட்டார்கள் போலிருக்கிறது.

பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் துரை விறாந்தையில் கதிரைகளைச் சுவரோரமாக வரிசையாக இழுத்துப் போடுவார். அவற்றில் யாரும் இருக்கக்கூடாது. பிறகு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே தன் குடும்பத்தை முதலிலிருந்து சொல்லுவார். அம்மா சாமியறையில் தேவாரம் படிப்பார், துரை விறாந்தையில் குடும்பம் படிப்பார். இரண்டும் ஒரே நேரத்தில் முடியும்.

கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. முதலாமவர் ஒரு குதிரைச் சேவகன். உறைந்த ஏரியில் பனி உடைந்து ராசா உள்ளே விழுந்தபோது, தலைமயிரில் பிடித்து இழுத்து எடுத்தவர். ராசாவின் மயிரைப் பிடித்த குற்றத்துக்குத் தூக்கில் போடுவதா, உயிரைக் காத்ததற்குப் பட்டம் கொடுப்பதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பட்டம் கொடுத்தார்களாம். அவருடைய பேரன் கேணல், படையதிகாரி. படையோடு ருஷ்யாவுக்குப் போய், தோற்றுப் பிடிபட்டு, பனிக்காட்டில் பல வருஷம் கிடந்து, மூக்கு நுனியும் இரண்டு காதும் இல்லாமல் நடந்தே வீட்டுக்கு வந்தவர். மனைவி பிச்சைக்காரன் என்று நினைத்துப் பாண் துண்டொன்று கொடுத்தாளாம். அதைத் தின்று முடித்த பிறகுதான் தான் யாரென்று சொன்னாராம். பிறகு வந்த ஒருவர் ராசாவுக்கு எதிராகச் சதி செய்து தலை வெட்டுப்பட்டார். அவருடைய சொந்தத் தம்பி அதே ராசாவிடம் மந்திரி. ஒருவர் எங்கள் வேதக்கோயிலில் கிடக்கிற கும்பனி அதிகாரி. ஒருவர் பாறையில் முளைக்கிற பாசியைத் தேடித் தேடி ஆயுளைக் கழித்துக் கண் தெரியாமல் போனவர். கப்பற்படைத் தளபதி ஒருவர், கப்பலில் ஏறினால் சத்தி, வாந்தி வருமென்று கரையிலேயே இருந்து தளபதியாகச் செத்தவர். கடைசியில் காட்டையும் வீட்டையும் விற்றுத் தீர்த்த தகப்பன். அவருக்குப் பிறகு இவர்.

தலை வெட்டுப்பட்டவரின் கதிரையை மட்டும் துரை மற்றவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுவார்.

"ஏன் அது தனியே?" என்று கேட்டேன்.

"தம்பியோடு அவருக்கு இன்னும் சரிவரவில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. கிழவருக்கு விசர் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆடி மாதத்துச் சோழகக் காற்று வெக்கையை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், கூட்டுவதற்காக அந்தத் தனிக் கதிரையை நகர்த்தினேன். இருக்கைப் பலகை கிணற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்தது. பக்கத்துக் கதிரையைத் தொட்டுப் பார்த்தேன், அதுவும் அப்படியே. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். யாருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து விறாந்தையை அவர் கதிரை போடுவதற்கு முன்பே கூட்டிவிடுவேன்.

துரையின் அந்த ஒப்புவிப்பில் ஒரு சொல் அடிக்கடி வரும். அவருடைய பாஷைச் சொல். தளபதிகளுக்கும் மந்திரிகளுக்கும் நடுவே அந்தச் சொல் வரும்போதெல்லாம் நடை ஒரு கணம் நிற்கும், பிறகு தொடரும். கேணலுக்குப் பின்னால் அது வரிசையாக ஐந்தாறு தரம் வரும். ஒருநாள் தேநீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அது என்னவென்று கேட்டேன்.

"பாலகனாய் இறந்தது" என்றார். "மகன், பாலகனாய் இறந்தான். மகள், பாலகியாய் இறந்தாள்."

"அவர்களையும் சேர்த்துச் சொல்வீர்களா?"

"சேர்க்காமல்? பிறந்தார்களே."

இதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். துரை வருவதற்கு முந்திய ஐப்பசி மழையில் எனக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்து இறந்தது. காய்ச்சல் கண்டு நான் நினைவில்லாமல் கிடந்தேன். கண் விழித்தபோது பிள்ளை இல்லை, துணிகள் இல்லை, அறை சாணம் போட்டு மெழுகிக் காய்ந்திருந்தது. அதன் முகத்தை நான் பார்க்கவேயில்லை. எங்களில் பல்லு முளைக்காத பிள்ளைக்குக் கொள்ளி இல்லை, எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை. பெயர் வைக்கிற நாளும் வராததால் பெயரும் இல்லை. "நினையாதை பிள்ளை, கடவுள் இன்னொண்டு தருவார்" என்று அம்மா சொன்னார். என் கணவர், இவர், ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மனிதர் உடைந்துபோவாரோ என்று ஒரு பயம். கேட்டும் உடையாமல் இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று அதைவிடப் பெரிய பயம்.

"எவ்வளவு நேரம் உயிரோடு இருந்திருந்தால் சேர்ப்பீர்கள்?" என்று துரையிடம் கேட்டேன்.

"ஒரு மூச்சு போதும்."

"பெயர் இல்லாவிட்டால்?"

"மகன் என்று சொன்னால் போதாதா? அவனும் கேணலும் எங்களுக்கு ஒரே வரிசைதான்."

குசினிக்குள் போய் வெங்காயம் உரிக்காமலே அழுதேன். துரைக்கு விளங்கியிருக்க வேண்டும். அடுத்த நாள் அவராகவே கேணலின் மூத்த மகளைப் பற்றிச் சொன்னார். ஆண்கள் எல்லாம் சண்டைக்குப் போய்விட, தாய் துக்கத்தில் ஒடுங்கிவிட, பண்ணையையும் வீட்டையும் தனியே கட்டிக் காத்தவள். கல்யாணம் செய்யவில்லை. தகப்பன் மூக்கில்லாமல் திரும்பி வரும் வரைக்கும் தம்பி தங்கைகளை அவள்தான் வளர்த்தாள், அவள்தான் புதைத்தாள். இடுப்பிலே எப்போதும் சாவிக்கொத்து. குடும்பத்தில் செத்த சின்னதுகள் எல்லாம் அவளோடுதான் நிற்கின்றனவாம். துரை சிறுவனாய் இருந்தபோது, பொழுதுபடுகிற நேரத்தில் அவர்களுடைய பழைய வீட்டின் உள் நடையில் சாவிச் சத்தம் போகும், அதன் பின்னால் சின்னக் காலடிகள் போகும் என்றார்.

"அவளுக்கு ஏன் கதிரை போடவில்லை?"

"அவளுக்கு இருக்க எங்கே நேரம்?"

அந்தக் கிழமையே எனக்கும் கேட்கத் தொடங்கியது. நம்புகிறவர்கள் நம்பட்டும். பொழுதுபடும்போது, அம்மா சாமியறையில் இருக்கும்போது, முன்னறைக்கும் குசினிக்கும் நடுவிலுள்ள நடையில் ஒரு சாவிக் கிணுகிணுப்பு, அதன் பின்னால் சின்னக் காலடிகள். அலமாரிச் சாவி என் முந்தானையில்தான் முடிந்திருந்தது, அது அசையவில்லை. எனக்குப் பயம் வந்ததா என்றால், இல்லை. ஆசை வந்தது. அந்தக் காலடிகளில் ஒன்று என் பிள்ளையினுடையது என்று முடிவு கட்டிக்கொண்டேன். எத்தனையோ பிள்ளைகளைப் பார்க்கிற அந்தச் சாவிக்காரி, ஊர் பேர் தெரியாத ஒன்றையும் சேர்த்துப் பார்க்கமாட்டாளா? என் வீட்டில் வந்து நிற்கிறாள், அந்த உரிமைக்காவது பார்க்கட்டும்.

பின்னறையில் ஒரு பழஞ்சேலையை எடுத்துக் கூரை வளையில் ஏணை, பிள்ளைத் தொட்டில், கட்டினேன். அம்மா பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"வெறும் ஏணை கட்டுறது வீட்டுக்குக் கூடாது, பிள்ளை."

"வெங்காயம் போட்டு வைக்க."

"சண்டிலிப்பாய் முழுக்க வெங்காயம் வெட்டையிலை காயுது. உனக்கு மட்டும் ஏணையோ?"

நான் ஏணையின் முடிச்சை இன்னும் இறுக்கினேன். அம்மா போய்விட்டார். இவர் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வரும்போது அந்த அறையைக் கடந்துதான் வந்தார். ஏணையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ரசத்தில் உப்புக் குறைவு என்றார். எனக்கு வந்த கோபத்துக்குச் சட்டியோடு தலையில் கவிழ்த்திருப்பேன்.

கேடயத்தில் கறையான் ஏறியதை முதலில் கண்டவர் அம்மா. மண்சுவரா, கல்சுவரா என்றெல்லாம் எங்கள் ஊர்க் கறையான் பார்க்காது. பின்பக்கம் முழுக்கப் புற்று. துரை நத்தாருக்கு, கிறிஸ்மசுக்கு, பண்டத்தரிப்பில் ஒரு போதகர் வீட்டுக்குப் போயிருந்தார். இவர், கிழவர் வருவதற்குள் திருத்தி வைத்தால் சந்தோஷப்படுவார் என்று எண்ணி, எனக்கும் சொல்லாமல் கேடயத்தைச் சண்டிலிப்பாய்த் தச்சரிடம் கொடுத்திருக்கிறார். உடைப்பதற்கென்று உள்ள சாமான் அது என்று இவருக்குத் தெரியாது. பின்னேரங்களில் இவர் விடைத்தாள்களோடு மாரடிப்பவர். துரையின் குடும்பம் படிக்கிற நேரத்தில் ஒருநாளும் விறாந்தைக்கு வந்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒன்றைத் திருத்தக் கொடுத்தால் அது அரைகுறையாகத் திரும்பி வராது. அடுத்த தலைமுறையும் திருத்தத் தேவையில்லாதபடி செய்து தருவதுதான் இங்கே வேலை என்று பெயர். தச்சர் கறையான் தின்ற பலகையைச் சுரண்டி எடுத்துவிட்டு, வைரம் பாய்ந்த பழம்பனையில் சலாகை சீவி, நெருக்கி நெருக்கிப் பின்பக்கம் முழுக்கப் பதித்து, மரமுளை இறுக்கி, வேப்பெண்ணெய் பூசிக் கொடுத்திருந்தார். முன்பக்கத்தில் கொக்கு அப்படியே நின்றது. தூக்கினால் அம்மிக்கல் கனம்.

துரை வந்து பார்த்தார். கேடயத்தைத் திருப்பி, விரலால் தட்டினார். நங்கென்றது. திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்து கண்ணீர் வழியும் வரைக்கும் சிரித்தார்.

"மாஸ்டர், நீங்கள் எங்களைச் சாகாவரம் உள்ளவர்கள் ஆக்கிவிட்டீர்கள்" என்றார்.

இவர் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு கூச்சப்பட்டார். எனக்கு மட்டும்தான் விஷயம் விளங்கியது. வேண்டுமானால் சலாகையைக் கழற்றித் தரச் சொல்லவா என்று பிறகு தனியே துரையிடம் கேட்டேன். அன்போடு செய்ததைக் கழற்றக்கூடாது என்றார். உள்ளதைச் சொன்னால், எனக்கு அப்போது நெஞ்சு நிறைந்த சந்தோஷம். இனி அது உடையாது. உடையாவிட்டால் அவர்கள் போகமாட்டார்கள். சாவிக்காரி போகாவிட்டால் அவளோடு நிற்கிற என் பிள்ளையும் இந்த நடையிலேயே நிற்பான்.

யுத்தம் கிழக்கே வந்துவிட்டது. யப்பான்காரன் வருகிறான் என்று சனம் கதைத்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. மாசி மாதத்தில் துரை காய்ச்சலில் படுத்தார். முன்னோர் செத்த அதே காய்ச்சல் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கஞ்சி கொண்டுபோன என்னை இருக்கச் சொன்னார்.

"நான் பெருமைக்காகத்தான் தினமும் சொல்கிறேன் என்று நினைத்தீர்களா?"

"வேறு எதற்கு?"

"சொல்ல வேறு ஆள் இல்லை. நான் சொல்லாவிட்டால் அவர்கள் இருட்டில் நிற்க வேண்டும். ஆனால் அவர்கள் களைத்துப்போனார்கள், அம்மா. முந்நூறு வருஷம் ஒரே குடும்பமாக இருப்பது லேசான வேலை இல்லை. அந்தச் சின்னதுகளைப் பாருங்கள், ஒரு மூச்சு விட்டதுகள். அதற்காக எத்தனை வருஷம் நடையில் நடப்பார்கள்? கேடயம் உடைந்தால்தான் அவர்களுக்கு வீட்டுக்குப் போக விடை. நீங்கள்தான் உடைக்க வேண்டும். முழுவதையும் மனப்பாடமாய்ச் சொல்லத் தெரிந்தது உங்களுக்கு மட்டும்தான்."

"எங்கள் பெண்கள் சுடலைப் பக்கம் போகமாட்டார்கள்."

"எங்கள் பெண்கள் கேடயத்தைத் தொடமாட்டார்கள். இரண்டு பிழையும் ஒன்றாய்ப் போகட்டும்."

நான் ஓம் என்றேன். நோயாளிக்குச் சொல்கிற ஓம்தான் அது. மனதுக்குள் வேறு சொல்லிக்கொண்டேன்: விடமாட்டேன், ஒருநாளும் விடமாட்டேன்.

ஒரு முற்பகலில் அவர் போனார். இவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். நான் வெந்நீர் கொண்டு உள்ளே போனபோது விறாந்தைக் கதிரைகள் முழுவதும் கட்டிலைச் சுற்றி நின்றன. தலை வெட்டுப்பட்டவரின் கதிரையும் மந்திரியின் கதிரையும் கைப்பிடியோடு கைப்பிடி உரசியபடி நின்றன. துரையால் எழும்ப முடியாது. அம்மா கிணற்றடியில் இருந்தார். யார் தூக்கி வைத்தது என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா கதிரைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசாமல் போய்த் திருநீற்றை அள்ளி வந்து நிலையில் பூசினார்.

அடக்கம் அடுத்த நாள் பின்னேரம். கேடயத்தை இவருடைய கையில் கொடுத்து, குழியடியில் உடைக்க வேண்டும் என்று சொன்னபோது இவருக்கு முகம் செத்துப்போனது.

"உடைக்கிற சாமானெண்டு முந்தியே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் கேட்டனீங்களோ?"

நானும் வெளிக்கிட்டேன். அம்மா படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

"செத்தவீட்டுக்குப் பின்னாலை பொம்பிளை போறதோ? ஊர் காறித் துப்பும்."

"வாசல் மட்டும்தான் போறன்."

வாசலோடுதான் நின்றேன். வேதக்காரரின் சேமக்காலை, இடுகாடு, அது. சுற்றி முருகைக்கல் மதில். அதற்கு மேலால் எல்லாம் தெரிந்தது. போதகர் செபம் சொன்னார். பெட்டியை இறக்கினார்கள். இவர் கேடயத்தை ஒரு கல்லறைக் கல்லின் விளிம்பில் ஓங்கி அடித்தார். கல்லில்தான் ஒரு சிம்பு தெறித்தது. திரும்ப அடித்தார். பள்ளிக்கூடத்து இளவட்டங்கள் இரண்டு பேர் வந்து ஏறி மிதித்தார்கள். ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். குழி வெட்டினவர் அலவாங்கை, இரும்புக் கடப்பாரையை, கொண்டுவந்து குறுக்கே போட்டார். கொக்கின் கழுத்து வர்ணம் உதிர்ந்தது, மரம் அசையவில்லை. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பும் அடங்கியது.

"துரையின்ரை ஆக்கள் போகமாட்டினமாம்" என்று ஒரு கிழவர் மெல்லச் சொன்னார்.

"அப்படியே போட்டு மூடுங்கள்" என்றார் போதகர். இவர் வேர்த்து விறுவிறுத்து, அன்போடு செய்வித்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, அடி வாங்கினவர் போல நின்றார்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. பேசாமல் திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். பொழுதுபட நடையில் சத்தம் கேட்டிருக்கும். ஆனால் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, ஒரு மூச்சு விட்டதற்காக எத்தனை வருஷம் நடப்பார்கள் என்று கிழவர் கேட்டது நினைவுக்கு வந்தது. என் பிள்ளைக்கு நடக்கவே தெரியாது. தவழக்கூடத் தெரியாது. அதைப் போய் நான் இன்னொருத்தியின் சாவிக்குப் பின்னால் நடக்க விட்டுவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனேன். சனம் விலகியது. போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். கேடயத்தை வாங்கி, கொக்கு மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தேன். பனையைக் குறுக்கே அடித்து யார் முறித்தது? நெடுக்கே கூர் வைத்தால் தானாய் விரியும். விறகு பிளந்தவளுக்கு அது தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அலவாங்கின் கூரை இரண்டு சலாகைக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு, துரையின் குடும்பத்தைச் சொல்லத் தொடங்கினேன். தமிழில்தான் சொன்னேன். குதிரைச் சேவகன், கேணல், தலை வெட்டுப்பட்டவர், தம்பி மந்திரி, கும்பனி அதிகாரி, கண் தெரியாதவர், கரையில் நின்ற தளபதி, காட்டை விற்ற தகப்பன். அவர்களுக்கு நடுவே சாவிக்காரி. அவளுக்குப் பின்னால் பாலகனாய் இறந்த மகன், பாலகியாய் இறந்த மகள் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். கடைசியாகத் துரை. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை.

"மகன். பாலகனாய் இறந்தான். என்னுடையவன்."

குழி வெட்டினவர் சுத்தியலால் அலவாங்கின் தலையில் அடித்தார். கேடயம் மேலிருந்து கீழாக இரண்டாய்ப் பிளந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பெட்டியின் மேல் இரண்டு துண்டையும் வைத்து மண் தள்ளினார்கள்.

திரும்பி வரும்போது இவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். ஊர்ச்சனம் எங்களை விட்டு விலகியே வந்தது. சந்தியில் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இவர் நின்றுவிட்டார். என்னைப் பார்க்காமல், மதவடித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"அவனுக்கு உம்முடைய நெற்றி. மயிர் நிறைய. கண் முழிச்சு என்னைப் பாத்தவன்."

நான் அவருடைய முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

"நான்தான் தூக்கிக்கொண்டு போனனான். ஆரிட்டையும் குடுக்கேல்லை. மழை. என்ரை சால்வையைச் சுத்தித்தான் மண்ணிலை தாட்டனான். நீர் கேட்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். கேக்கேல்லை. உமக்கு மறந்தால் நல்லதெண்டு விட்டிட்டன்."

"எங்கை?"

"நாளைக்குக் காட்டுறன். பொழுதுபட்டிட்டுது."

"நாளைக்கு வேண்டாம். இப்பவே காட்டுங்கோ."

இவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தோட்ட வெளிப் பக்கமாக நடந்தார். புகையிலைத் தோட்டம் தாண்டி இளம்பனை வடலிகள் நிற்கிற ஒரு காணி. பிள்ளைகளைப் புதைக்கிற இடம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். முழங்கால் அளவுக்குப் பற்றை, காலை வைக்க இடமில்லாமல் நெருஞ்சி. இவர் இருட்டிலும் தடுமாறாமல் வடலிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனார். ஓரிடத்தில் நின்று செருப்பைக் கழற்றினார். நானும் கிட்டப் போய்க் குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். ஒரு பாய் விரிக்கிற அளவு நிலத்தில் ஒரு நெருஞ்சி முள்ளும் இல்லை.